நீட்டுக் கொட்டிலில் யோகன் பேசாத பேச்சு

அந்த வருடம் எங்கள் வகுப்பில் எவன் எங்கே வேலை செய்கிறான் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். மழைக்காகப் பள்ளிக்கூட பஸ்ஸின் யன்னல்களையெல்லாம் இழுத்துச் சாத்தியிருந்தார்கள். உள்ளே ஹீற்றர் சூடேற ஏற, ஒவ்வொருவன் உடம்பிலும் ஊறிக் கிடந்த வேலை மெல்ல மணக்கத் தொடங்கியது. பின்சீற்றில் இருந்த சிறி டோனட் கடைச் சீனிப்பாகாய் மணந்தான். என்னில் பொரித்த எண்ணெயும் கோப்பை கழுவும் சவர்க்காரமும். எனக்குப் பக்கத்தில் யன்னலோரம் சாய்ந்திருந்த யோகனில் நிலம் துடைக்கிற மருந்து. எலுமிச்சம்பழ வாசம் என்று போத்தலில் எழுதியிருக்கும், ஆனால் எங்கள் நாட்டு எலுமிச்சை எதுவும் அப்படி மணந்து நான் அறியேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. பிக்கரிங்கில் வேலியும் டெக் என்கிற மரத்தளமும் அடித்துக் கொடுக்கிற கொம்பனி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்துப் புதிய வீடுகளின் பின்வளவுகளை எட்டிப் பார்த்தால் நல்ல வேலியாக நிற்பதில் பாதி என்னுடையதாக இருக்கும். மற்றப் பாதியைத் திருத்தச் சொல்லியும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் பெயர் எழுதிய வான்கள் மிசிசாகா வரைக்கும் ஓடுகின்றன. இஞ்சினியர் மாப்பிள்ளைகள் என்னிடம் வந்து, "அங்கிள், இதுக்கு எவ்வளவு ஆழம் தோண்ட வேணும்?" என்று கேட்டு நிற்கிறார்கள். இதையெல்லாம் ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே கற்றுக்கொண்டேன். ஆனால் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நான் இன்னொருவனுடைய படிப்பைக் கடனாக வாங்கி மேடையேறினேன். அந்தக் கதையை இத்தனை காலமாக எந்தக் கலியாண வீட்டிலும் சொல்லிப் பெருமையடித்ததில்லை. ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. இப்போது உடம்பு களைத்துப்போன வயதில் சொல்லத் தோன்றுகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். வெக்ஸ்போர்ட்டில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில், இரண்டு அறையுள்ள வீட்டில் ஒன்பது பேர் இருந்தோம். வீட்டுக்குப் பொறுப்பு தவம் அண்ணை. அவருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது, ஆனால் எங்களுக்கு அவர்தான் தாய், தகப்பன், பொலிஸ் எல்லாம். யோகனும் நானும் பதினாறைக் கடந்தவர்கள். தனியாக வந்து சேர்ந்தவர்கள். பகலில் பள்ளிக்கூடம், மற்ற நேரமெல்லாம் வேலை. நான் பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு ரெஸ்ரோறண்டின் அடுப்படிக்கு ஓடுவேன். யோகன் இரவிரவாகக் கந்தோர் கந்தோராக அலுவலக நிலம் துடைத்துவிட்டு விடியத்தான் வருவான். முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே வகுப்புக்கு. நித்திரை காணாது என்று யாராவது முணுமுணுத்தால் தவம் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்காமலே சொல்வார்: "நித்திரை கொள்ளுறதெண்டால் ஊரிலையே கொண்டிருக்கலாம்."

எங்கள் வகுப்பு, ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்கான வகுப்பு. சோமாலியர், சீனர், ஈரானியர், எல்லோரையும்விட அதிகமாக நாங்கள். எங்களுக்குப் படிப்பித்த மிஸ் ஹார்பர் உயர்ந்து மெலிந்த ஒரு மனுசி. எங்களைத் தட்டி எழுப்புவதற்கென்றே மேசை மேசையாக நடந்து திரிவார். யோகனை மட்டும் அவர் தட்டுவதில்லை. அவன் காலையில் முதலாம் பாடம் முழுவதும் மேசையில் தலையை வைத்துத் தூங்குவான். பிறகு எழும்பி மற்றவர்கள் ஒரு கிழமையில் படிப்பதை ஒரு மணித்தியாலத்தில் படித்து முடிப்பான். அவனுக்குப் படிப்பு வேண்டியிருந்தது. எங்களில் பலருக்குப் பள்ளிக்கூடம் குளிருக்கு ஒதுங்கும் இடம். அவனுக்கு அது பசி.

உப அதிபருக்கு இது விளங்கவில்லை. நாங்கள் அவரை "வைஸ்" என்போம். நித்திரை கொள்கிறவர்களைப் பகல் பள்ளிக்கூடத்தில் வைத்திருப்பது வீண், வயது வந்தவர்களுக்கான மாலை வகுப்புக்கு அனுப்பிவிடலாம் என்பது அவர் முடிவு. சொல்லக் கேட்கும்போது நல்ல யோசனை போலத்தான் இருக்கும். ஆனால் யோகனின் வேலை மாலையில் தொடங்குவது. மாலை வகுப்பு என்றால் அவனுக்கு அத்தோடு படிப்பு முடிந்தது. மிஸ் ஹார்பர் வைஸோடு வாதாடி ஒரு தவணை வாங்கினார். வகுப்போடு ஒரு சுற்றுலா போகிறோம், நீங்களும் வாருங்கள், இந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஓர் இடத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுவார்கள், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்று.

போன இடம் ரொறன்ரோவுக்கு வடக்கே, இரண்டு மணித்தியால ஓட்டத்தில், ஒரு பழைய மிஷன். தெற்கே கலிபோர்னியாப் பக்கம் ஸ்பானியப் பாதிரிமார் மண்ணாலும் கல்லாலும் மிஷன்களைக் கட்டியதுபோல, இங்கே பிரெஞ்சுப் பாதிரிமார் ஆற்றங்கரையில் மரத்தால் கட்டியிருந்தார்கள் என்று மிஸ் படம் கீறிக் காட்டியிருந்தார். அந்த மண்ணின் பழைய குடிகளான வெண்டாட் மக்களைக் கிறிஸ்தவர்களாக்க வந்தவர்கள், சண்டை முற்றியபோது தாங்கள் கட்டியதைத் தாங்களே கொளுத்திவிட்டுப் போனார்களாம். இப்போது நிற்பது, அடியத்திவாரம் பார்த்துத் திருப்பிக் கட்டியது. தேவாலயம், ஆஸ்பத்திரி, கொல்லன் பட்டறை, சுற்றிவரக் கூர் சீவிய மரவேலி. உள்ளே வெண்டாட் மக்களின் நீளமான மரப்பட்டை வீடும் ஒன்று உண்டு. அதற்கு எங்கள் பெடியள் வைத்த பெயர் "நீட்டுக் கொட்டில்".

எனக்குக் கிடைத்தது கொல்லன் பட்டறை. யோகன் நீட்டுக் கொட்டிலைக் கேட்டு வாங்கினான்.

அதற்குக் காரணம் இருந்தது. யோகன் மட்டக்களப்பான், படுவான்கரைப் பக்கம். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு குடி உண்டு. பிள்ளைக்குத் தாயின் குடிதான். ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. கோயில் திருவிழாவில்கூடக் குடிகுடியாகத்தான் உரிமை. யாழ்ப்பாணத்துப் பெடியளான எங்களுக்கு இது புதினமாக இருந்தது, பகிடியும் பண்ணினோம். நூலகத்தில் வெண்டாட் மக்களைப் பற்றி வாசித்துவிட்டு வந்த அன்று அவன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் பாயில் வந்து குந்தினான்.

"இஞ்ச பார், இவங்களும் எங்கள மாதிரித்தான். தாய்ர குடிதான் பிள்ளைக்கும். கரடிக் குடி, ஆமைக் குடி எண்டு பேர் வேற. நாங்க என்ன, காட்டுச் சனம் எண்டு நம்மட வீட்டுப் பெடியனுகள் நினைக்கிறானுகள். நான் எழும்பி நிண்டு சொல்லப்போறன்."

அன்றிலிருந்து அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் ரேடியோ மாதிரி ஓடியது. குசினியில் சொன்னான், குளிக்கும்போது சொன்னான், வேலையிடத்தில் நிலம் துடைக்கும் தடியைப் பிடித்துக்கொண்டு வெறும் கதிரைகளுக்குச் சொன்னதாகச் சொன்னான். நித்திரையில் அவன் அதை ஆங்கிலத்தில் புலம்ப, தவம் அண்ணை, "உவனை ஆரோ வெள்ளைக்காரி பிடிச்சிட்டாள்" என்றார். ஒன்பது பேருக்கும் அது பாடம். ஆங்கிலத்தில் ஒரு வரி ஒழுங்காகப் பேசத் தெரியாத எனக்கு அது முழுவதும் பாட்டுப்போல வாயில் வந்தது.

போய் இறங்கியபோது தூறல். குளிர் எலும்பில் பிடித்தது. தேவாலயத்தில் சிறி பேசத் தொடங்கியதும் யோகன் என் கையைச் சுரண்டினான். முன்னுக்குப் போய் ஒருக்கால் சொல்லிப் பார்க்க வேணும் என்றான். இருவரும் நழுவிப்போய் நீட்டுக் கொட்டிலுக்குள் நுழைந்தோம்.

உள்ளே இருட்டு. நிலத்தின் நடுவே நெருப்பு. இரு பக்கமும் கொட்டிலின் நீளத்துக்குப் படுக்கைத் தட்டுகள், அவற்றில் கரடித் தோலும் மான் தோலும். புகை மேலே ஒரு துவாரத்தால் போய்க்கொண்டிருந்தது. பழைய காலத்து உடுப்பில், அங்கே வேலை செய்கிற ஒரு வெண்டாட் அம்மா நெருப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். யோகன் தட்டில் அமர்ந்து, தொண்டையைச் செருமி, காலை வணக்கம், இதுதான் நீளவீடு என்றான். இரண்டாவது வரியில் பல குடும்பங்கள் என்று தொடங்கினான். குடும்பங்கள் என்ற சொல் பாதியில் நின்றது. நான் திரும்பிப் பார்த்தபோது அவன் கரடித் தோலின்மேல் சரிந்திருந்தான்.

எழுப்பினேன். உலுக்கினேன், கிள்ளினேன், காதைத் திருகினேன். பிணம் கிடந்தால்கூட அவ்வளவு பாரமாகக் கிடக்காது. வெக்ஸ்போர்ட் வீட்டிலும் வேலையிடத்திலும் பள்ளிக்கூட மேசையிலும் அவன் கொண்டதெல்லாம் கோழித் தூக்கம். எத்தனை மாதத்து நித்திரை அது, சூடும் இருட்டும் கண்டதும் ஆளை ஒரேயடியாக விழுங்கிவிட்டது. வெளியே காலடிச் சத்தம் கேட்டது. நான் செய்வதறியாமல் நிற்க, அந்த அம்மா எழும்பி வந்து இன்னொரு தோலை எடுத்து அவன் தலைக்கு மேலால் இழுத்துவிட்டார். கால் வெளியே தெரிந்தது, அதையும் மூடினார். பிறகு போய் நெருப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

வகுப்பு உள்ளே வந்தது. வைஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கையிலிருந்த தாளைப் பார்த்து யோகனின் பெயரைக் கூப்பிட்டார்.

நான், "யெஸ் சேர்" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. நான் இந்த நாட்டுக்கு இன்னொருவன் பெயரில், இன்னொருவன் பிறந்த நாளோடு, மூன்று விமான நிலையங்களைத் தாண்டி வந்தவன். ஏஜென்சிக்காரன் அந்தப் பெயரைச் சொல்லி இருட்டில் திடீரென்று கூப்பிடுவான். உடனே திரும்பாவிட்டால் அடி. எங்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் வந்தோம். கனடாவுக்கு வந்த பிறகு சொந்தப் பெயருக்குத் திரும்பத்தான் கொஞ்சக் காலம் பிடித்தது. அடுத்தவன் பெயருக்கு வாய் தானாகத் திறக்கும். வைஸுக்கு யோகனின் முகம் தெரியாது; அவர் கண்டதெல்லாம் மேசையில் கிடந்த அவனுடைய உச்சந்தலையைத்தான். வகுப்பில் ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த வகுப்பில் சொந்தப் பெயரோடு கனடா வந்தவர்கள் குறைவு.

மிஸ் ஹார்பர் என்னைப் பார்த்தார். பிறகு தோல் குவியலைப் பார்த்தார். அது மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு தலையை உயர்த்திப் புகைத் துவாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் பேசினேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நன்றாகவே பேசினேன். ஒரு கூரையின்கீழ் பல குடும்பங்கள். எதிரெதிரே இருக்கிற இரண்டு குடும்பத்துக்கு ஒரு நெருப்பு. பனிக்காலம் முழுவதும் புகையில் இருந்து கண் கெட்டுப்போகும். யார் வந்தாலும் முதலில் சாப்பாடு. அங்கே வந்து நின்றுவிட்டது. அடுத்தது குடிக் கதை. அது நீளமானது, கடினமான சொற்கள் நிறைந்தது, யாழ்ப்பாணத்தானான எனக்கு ஒட்டாதது. நான் விழித்துக்கொண்டு நிற்க, வைஸ் பேனாவை எடுத்தார். சும்மா நிற்கக் கூடாதென்று வாயில் வந்ததைச் சொன்னேன்: எங்கள் வீடும் இப்படித்தான் சேர், ஒன்பது பேர், ஒரு குளியலறை, காலையில் சண்டை.

வைஸ் சிரித்துவிட்டார். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் அந்தப் பேனாவால் யோகனின் பெயருக்கு நேரே ஒரு சரி போட்டதை நான் கண்ணால் கண்டேன்.

பிறகு கொல்லன் பட்டறை வந்தது. அங்கே என் சொந்தப் பெயரைக் கூப்பிட்டார். நான் சிறிக்குப் பின்னால் குனிந்து நின்றேன். இரண்டாம் தரமும் கூப்பிட்டார். பட்டறையில் துருத்தி மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. இந்த முறை போட்டது சரி அல்ல.

புறப்படும் நேரம் ஓடிப்போய் யோகனை எழுப்பி, தோலின் மயிரெல்லாம் முகத்தில் ஒட்டியபடி இழுத்துவந்து பஸ்ஸில் ஏற்றினேன். மட்டக்களப்பார் மந்திரம் போட்டு விருந்தாளியைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பகிடி உண்டு. சிறி விடுவானா? "எங்களை ஒட்ட வைப்பாங்கள் எண்டு பயந்தால், உவன் தானே போய் ஒட்டுப்பட்டுக் கிடக்கிறான்" என்றான். பஸ் முழுவதும் சிரித்தது. யோகன் சிரிக்கவில்லை. நடந்ததை நான் விளக்கமாகச் சொன்னேன். காப்பாற்றிவிட்டேன் என்ற சந்தோஷப் புளுகத்தோடுதான் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"குடிக் கதை சொன்னியா?"

"அது வரேல்லையடா. பாத்ரூம் கதை சொன்னன். மனுசன் விழுந்து விழுந்து சிரிச்சான்."

"ஒரு கிழமையா நான் பாடமாக்கினது பாத்ரூமுக்காடா?" என்றான்.

அத்தோடு மறுபக்கம் திரும்பியவன், ரொறன்ரோ வரும்வரையும் திரும்பவில்லை. அதற்குப் பிறகும் பல மாதம் என்னோடு தேவைக்குத்தான் கதைத்தான். எனக்கும் கோபம். செய்த உதவிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று. தவம் அண்ணை இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "ஒரு வீட்டுக்கை இருந்துகொண்டு உதென்னடா, ஆளை ஆள் பாராமல் கோப்பியை ஆறவிடுறியள்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வருடம் யோகன் மற்றப் பிள்ளைகளோடு பெரிய வகுப்புக்குப் போனான். என்னை மாலை வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். என் வேலையும் மாலையில்தானே. நான் ஒரு வகுப்புக்கும் போகவில்லை. வருத்தப்பட்டேன் என்று எழுதினால் பொய். அந்த மாதமே ஒரு போர்த்துக்கீசனோடு வேலி அடிக்கப் போனேன், அவனை விடக் கெதியாக அடித்தேன், அவன் கொம்பனியையே பிறகு நான் வாங்கினேன். யோகன் கம்பஸ் முடித்து, இன்று மிசிசாகாவில் பெரிய உத்தியோகம். நாங்கள் எப்போதோ சமாதானமாகிவிட்டோம். எந்த நாள் என்று இருவருக்கும் தெரியாது. அவன் வீட்டு வேலியும் நான் அடித்ததுதான். ஆனால் அந்தச் சுற்றுலாவைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

போன இலையுதிர்காலத்தில் பிரான்சிலிருந்து வந்த மனைவியின் உறவினரைக் கூட்டிக்கொண்டு அந்த மிஷனுக்குப் போனேன். நீட்டுக் கொட்டில் நிற்கிறது. படுக்கைத் தட்டுகளுக்குக் குறுக்கே இப்போது ஒரு கயிறு. ஒருவரும் ஏறக் கூடாது. நெருப்படியில் ஓர் இளம்பெண். அந்த அம்மாவைப் பற்றிக் கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் வந்து படம் எடுத்துக்கொண்டு போனது. நல்ல சாப்பாடு, நல்ல நித்திரை கண்ட முகங்கள். அதில் எங்கள் பிள்ளைகளும் இருந்தார்கள், ஒருவனிலும் வேலை மணக்கவில்லை. அதற்குத்தானே பாடுபட்டோம். என்றாலும் அந்தக் கயிற்றடியில் நின்று யோகனுக்குப் போன் எடுத்தேன்.

எங்கே நிற்கிறேன் என்று சொன்னேன். பேச்சு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"எந்தப் பேச்சு?" என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஒரு சொல்லும் ஞாபகம் இல்லடா. நித்திரைதான் ஞாபகம். அதுக்குப் பிறகு அப்பிடி ஒரு நித்திரை நான் கொள்ளல்ல" என்றான்.

எனக்கு ஞாபகம் இருந்தது. இந்தப் பத்தாம் வகுப்பு மண்டைக்குள் அது ஒரு சொல் குறையாமல் கிடந்தது, அன்று வராத குடிக் கதை உட்பட. இத்தனை வருட ஆங்கிலத்தில் அதன் பொருளும் விளங்கியிருந்தது. போனைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் சொன்னேன். நான் அங்கே வேலை செய்கிறவன் என்று நினைத்து இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகள் நின்று கேட்டார்கள். நாங்களும் இவர்களும் தாயின் பெயரால் அறியப்படுகிறவர்கள் என்ற இடத்துக்கு வந்தபோது மறுமுனையில் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கிற சத்தம் கேட்டது.

"இதெல்லாம் நானா எழுதினன்?"

"நீதான்."

"நல்லாத்தான் எழுதியிருக்கன், என்ன?"

"ஓம். கடைசியிலை உன்ர குடியின்ர பேரைச் சொல்லித்தான் முடிப்பாய். அந்த ஒரு சொல்தான் எனக்குப் பிடிபடேல்லை. என்ன பேர் அது?"

நெருப்பு எரிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்தக் கிழவிகள் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் போய்விட்டார்கள்.

"பொறு," என்றான் யோகன். "வாயில நிக்குது. அக்காட்டக் கேட்டுச் சொல்றன்."

பனி கொட்டி, கரைந்து, மறுபடி வேலி அடிக்கிற காலமும் வந்துவிட்டது. நேற்றும் கதைத்தோம், வீட்டு வரி, முழங்கால் நோ, பிள்ளைகளின் கலியாணம் என்று நிறையக் கதைத்தோம். அவன் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.